ஆடியில் காற்றாலை, சித்திரையில் அனல்மின்: தமிழ்நாட்டு மின்சாரம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை கண்டிராத உச்சம். அதற்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 30 அன்று, மாநிலம் ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழித்திருந்தது. கத்திரி கூடத் தொடங்கவில்லை, அதற்குள் வீட்டுக்கு வீடு ஏ.சி. இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. சித்திரையில் தென்மேற்குப் பருவக்காற்று வந்திருக்காது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைக் காத்தாடிகளை நம்பி அந்த வாரத்தைத் தாண்ட முடியாது.

இன்னொரு காட்சி, 2022 ஜூலை. அதே காத்தாடிகள் ஒரே நாளில் சுமார் 12 கோடி யூனிட் கொடுத்தன. மாநிலத்தின் அன்றைய தேவையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஒரு கிலோ கரி எரியாமல், ஒரு ரூபாய் எரிபொருள் செலவில்லாமல் வந்த மின்சாரம்.

இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில்தான் புதுப்பிக்கத்தக்க ஆற்றல், புதுப்பிக்க இயலாத ஆற்றல் என்ற முழு விவகாரமும் இருக்கிறது. பள்ளியில் இதை ஒரு அட்டவணையாகப் போட்டுக் கொடுப்பார்கள்: காற்று சுத்தமானது ஆனால் நிலையற்றது, நிலக்கரி நம்பகமானது ஆனால் மாசுபடுத்தும். தவறில்லை. ஆனால் அந்த அட்டவணையில் இரண்டு கேள்விகளுக்கு இடமே கிடையாது. எந்த நேரத்தில் வரும் மின்சாரம்? அதற்கான விலையை எந்த ஊர் கொடுக்கிறது? தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரு நாள் பஸ் பயண தூரத்துக்குள்ளேயே கிடைத்துவிடும் என்பதுதான். பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், கப்பலில் வரும் கரி, அணு உலை, மலை அணை, காற்று, வெயில் என எல்லாம் இங்கே உண்டு.

மண்ணுக்கு அடியில் கிடந்த மரம்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கூடவே கருப்பாக ஏதோ வெளியே வந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) பதிவானது. 1957 மே 20-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-ல் தான் மூடப்பட்டது. ஏறக்குறைய 58 வருட உழைப்பு.

நெய்வேலிக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் மறக்காது. அடுப்புக்கரி மாதிரிக் கருப்பாக இருக்காது, ஈரமான காப்பித்தூள் நிறம். சில கட்டிகளில் மரத்தின் நார் அப்படியே தெரியும். நகத்தால் கீறினால் உதிரும். இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் தானே பிளந்து பொடியாகும். காரணம், அதன் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். ஒரு கிலோவை எரித்தால் சுமார் 2,700 கிலோகலோரி வெப்பம்தான் கிடைக்கும். நல்ல இறக்குமதிக் கரி இதைப் போல இரண்டு மடங்கு தரும்.

இவ்வளவு தண்ணீரைச் சுமந்துகொண்டு ரயிலில் போவது கட்டுப்படியாகாது. குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் குணமும் இதற்கு உண்டு. அதனால் சுரங்கத்தின் வாசலிலேயே மின்நிலையத்தைக் கட்டிவிட்டார்கள். சுரங்கத்திலிருந்து ஓடும் பட்டையில் (கன்வேயர்) ஏறும் கரி நேராகக் கொதிகலனுக்குப் போகிறது. கப்பல் வேண்டாம், ரயில் பெட்டிக்குக் காத்திருக்க வேண்டாம், டாலர் விலை பற்றிக் கவலையில்லை. 2022-ல் உக்ரைன் போருக்குப் பிறகு உலகச் சந்தையில் கரி டன்னுக்கு 400 டாலரைத் தாண்டியபோது இறக்குமதியை நம்பிய நிலையங்கள் திணறின. நெய்வேலிப் பட்டைகளுக்கு அந்தத் திணறல் இல்லை. சித்திரையோ மார்கழியோ, பகலோ நடுராத்திரியோ, கூப்பிட்டால் வரும் மின்சாரம். நிலக்கரியின் நன்மை என்று சொல்வதெல்லாம் கடைசியில் இந்த ஒரு குணத்தில் வந்து நிற்கிறது.

இன்னொரு நன்மையை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. சுரங்கம் ஒரு ஊரையே உண்டாக்கியது. மரங்கள் அடர்ந்த நகரியம், பள்ளிகள், மருத்துவமனை, மூன்று தலைமுறைக்கு நிரந்தர வேலை. பின்னால் வரப்போகும் சூரிய மின் வயலுக்கு இந்தக் குணம் கிடையாது.

சரி, விலை என்ன? ஒரு டன் கரியை எடுக்க அதன் மேலே கிடக்கும் மண்ணில் ஐந்தாறு கன மீட்டரை அகற்றியாக வேண்டும். கரிப்படலத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அந்த நீர் சுரங்கத்தின் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். சுற்று வட்டார விவசாயிகள் தங்கள் போர்வெல் இறங்கிப்போவதைப் பற்றிப் பேசும்போது இந்தப் பம்புகளை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். 2020 ஜூலை 1-ல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து அன்றே 6 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களில் மேலும் சிலர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார்கள். அதற்கு முன்பே, மே மாதத்திலும், அதே நிலையத்தில் ஒரு கொதிகலன் விபத்து நடந்திருந்தது.

அப்புறம் நிலம். 2023 ஜூலை கடைசி வாரத்தில், நெய்வேலிப் பக்கத்து வளையமாதேவியில் பச்சையாக நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் வேலை. இந்த நிலத்தைப் பல வருடங்களுக்கு முன்பே எடுத்துப் பணமும் கொடுத்தாகிவிட்டது, பயிரிட வேண்டாம் என்று சொல்லியும் இருந்தோம் என்றது நிறுவனம். நிலம் கையை விட்டுப் போனதாக எழுத்தில் இருக்கலாம், பயிர் எங்களுடையது என்றார்கள் விதைத்தவர்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. சட்டப்படி யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை விடுங்கள். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அறுவடை முடிந்திருக்கும். பால் பிடிக்கப்போகும் பயிர் மேல் இயந்திரத்தை ஓட்டியதை எந்த மின்பற்றாக்குறையும் நியாயப்படுத்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆற்றில் இறங்கும் சாம்பல்

நெய்வேலிக் கரியில் சாம்பல் குறைவு. வடசென்னைக்கு வரும் கரியின் சங்கதி வேறு. அது ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலேறி எண்ணூர் வந்து சேர்கிறது. காமராசர் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டதே முக்கியமாக இந்தக் கரிக்காகத்தான். இந்தியக் கரியில் நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது பங்கு சாம்பல் இருப்பது சாதாரணம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரி என்று வைத்துக்கொண்டால், 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழு வேகத்தில் ஓடும் நாளில் 3,500 டன் கரியை எரித்து 1,200 டன்னுக்கு மேல் சாம்பலைத் தள்ளும். வடசென்னை நிலையத்தின் முதல் கட்டத்தில் மட்டும் அப்படி மூன்று இயந்திரங்கள். இதுபோகக் கார்பன் டை ஆக்சைடு, யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ.

அந்தச் சாம்பலில் ஒரு பகுதி சிமெண்டுக்கும் செங்கலுக்கும் போகிறது, அது நல்ல உபயோகம். மீதியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் உடைந்து கசிந்த வரலாறுதான் கொசஸ்தலை ஆற்றின் சமீப கால வரலாறு. எண்ணூர்க் கழிமுகத்தில் வலையில்லாமல், இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, கையால் தடவியே இறால் பிடிக்கும் மக்கள் இருக்கிறார்கள். சேற்றின் மென்மையை விரல் உணர வேண்டும், இறால் நகர்வது அப்போதுதான் தெரியும். சாம்பல் படிந்த இடத்தில் காலை வைத்தால் சேறு இல்லை, இறுகிப்போன சிமெண்ட் மாதிரி ஒரு தளம். விரல் உள்ளே போகாது. ஆழம் குறைந்ததால் படகும் தட்டுகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குகள் போய்விட்டன, நிபுணர் குழுக்கள் வந்து பார்த்துவிட்டன. சென்னையில் யாருடைய மின்கட்டண ரசீதிலும் இந்த இறாலுக்கு ஒரு வரி கிடையாது. நிலக்கரி மின்சாரம் மலிவு என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த விடுபட்ட வரிதான் நினைவுக்கு வருகிறது.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் நிறுத்த முடியவில்லை? 450 மெகாவாட் எண்ணூர்ப் பழைய நிலையத்தை 2017-ல் மூடினார்கள். ஆனால் 2024-ல் வடசென்னையில் 800 மெகாவாட் புதிய நிலையத்தைத் திறந்தார்கள். கட்டுரையின் முதல் பத்தியில் இருக்கும் அந்த மே மாதம் போன்ற நாட்கள்தான் காரணம்.

அனல்மின் நிலையத்துக்கு இன்னொரு குறையும் உண்டு, வெளியே அதிகம் பேசப்படாதது. அதை விளக்குப் போல அணைத்து எரிக்க முடியாது. ஆறிப்போன கொதிகலனை மறுபடி சூடாக்கி மின்சாரம் எடுக்க எண்ணெய் ஊற்றிப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் தேவை குறையும் வேளையில் முழுக்க நிறுத்தாமல், பாதிக்குக் கொஞ்சம் மேலே வேகத்தைக் குறைத்து ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். நடைமுறையில் இருந்துவந்த விதி 55 சதவீதம். ஆடி மாதத்து நடுராத்திரியில் காற்று வெளுத்துக் கட்டும்போதும் கரி எரிந்துகொண்டிருப்பது இதனால்தான்.

இசக்கியம்மன் கோயிலைத் தாண்டி

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வரும். லாரி ஓட்டுநர்கள் நிறுத்தி ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆடியில் அங்கே இறங்கினால் முதலில் வேலை வைப்பது வேட்டிக்குத்தான், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். ஒரு கோபுரத்துக்கு நேர் கீழே போய் நின்றால் இறக்கை ஒவ்வொன்றும் தலைக்கு மேலே கடக்கும்போது துணியை உதறுவது போல ஒரு சத்தம், மறுபடி, மறுபடி. அடியிலே வாழை, கொஞ்சம் தள்ளி ஆடு மேய்கிறது. நெய்வேலியில் ஒரு நிலத்தைச் சுரங்கம் எடுத்தால் அது முழுசாகப் போய்விடும். இங்கே கோபுரத்தின் அடித்தளமும் அதற்குப் போகும் மண்பாதையும் தவிர மிச்சம் விவசாயத்துக்கே. காற்றாலையின் நன்மைகளில் நான் முதலில் எழுதுவது இதைத்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் முன் ஆரல்வாய்மொழியில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எப்படிப் பீய்ச்சுமோ அப்படிப் பருவக்காற்று அந்த இடைவெளியில் பாய்கிறது. பாலக்காட்டு, செங்கோட்டை, கம்பம் கணவாய்களிலும் இதே கதை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். வைகாசி முதல் புரட்டாசி வரை கொட்டுவதும், மற்ற மாதங்களில் சொட்டுவதும் இந்தக் கணக்கால்தான். வேகம் பாதியாகக் குறைந்தால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும்.

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காத்தாடிகளோடு அரசு ஒரு மாதிரிப் பண்ணையைத் தொடங்கியது. இன்று மாநிலத்தில் நிறுவப்பட்ட காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒரு நாளில் 12 கோடி யூனிட் என்றால் அந்த நாள் முழுக்கச் சராசரியாக 5,000 மெகாவாட். அதாவது மிகச் சிறந்த நாளிலேயே நிறுவிய திறனில் பாதிதான் சராசரியாக வந்தது. மாசியில் சில நாள் அதில் பத்தில் ஒன்று வந்தால் பெரிது.

இந்தக் காத்தாடிகளில் ஏராளமானவை கோவை, திருப்பூர், இராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளுக்குச் சொந்தம். வரிச்சலுகைக்காக வாங்கினார்கள் என்று சொல்வதுண்டு, அது உண்மைதான். முதல் வருடமே இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அரசு விட்டது. ஆனால் அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு, தொழிலில் இருப்பவர்கள் அதைப் பேங்கிங் என்பார்கள். ஆலை ஓடுவதற்கு வருடம் முழுக்கக் கரண்டு வேண்டும், காத்தாடியோ நாலைந்து மாதம்தான் நன்றாகச் சுற்றும். அதனால் ஆடியில் மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, தையிலும் மாசியிலும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு. பணத்துக்குப் பதிலாகக் கரண்டைப் போட்டு எடுக்கும் வங்கி.

உண்மையில் அந்த வங்கியில் எதுவும் இருக்காது. மின்சாரத்தை மூட்டை கட்டி வைக்க முடியாது. ஆடியில் ஆலை கொடுத்த யூனிட் அந்த நொடியிலேயே யாரோ ஒருவர் வீட்டு மிக்சியில் செலவாகிவிட்டது. மாசியில் ஆலை கேட்கும்போது வாரியம் வேறு எங்கிருந்தோ, அநேகமாகக் கரி எரித்த கரண்டை, அன்றைய விலைக்கு வாங்கித் தர வேண்டும். மலிவான யூனிட்டைக் கொடுத்துவிட்டு விலையுயர்ந்த யூனிட்டை எடுக்கிறார்கள் என்பது வாரியத்தின் வருத்தம். எங்கள் காத்தாடியை உச்ச சீசனில் நிறுத்தச் சொல்கிறீர்கள், கடனுக்கு வட்டி யார் கட்டுவது என்பது ஆலைக்காரர்களின் வருத்தம். இரண்டுமே நியாயமான வருத்தங்கள். பேங்கிங் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து படிப்படியாக 14 சதவீதம் வரை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏற்றியது. 2018 மார்ச்சுக்குப் பிறகு நிறுவிய காற்றாலைகளுக்கு வருடக் கணக்கு போய் மாதக் கணக்கு வந்தது. இந்த விதி மாற்றம் ஒரு செய்தியைச் சத்தமில்லாமல் ஒப்புக்கொள்கிறது: யூனிட்டுக்கு யூனிட் சமம் கிடையாது, அது எந்த மாதத்தில், எந்த மணியில் பிறந்தது என்பதற்கு ஏற்ப அதன் மதிப்பு மாறும்.

2012 அக்டோபர், நவம்பர் மாதங்களை நேரில் அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காற்று சீசன் முடிந்ததும் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லை. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். மாவரைக்கும் நேரத்தைக் கரண்டு வரும் நேரத்துக்கு மாற்றினோம், பரீட்சைக்குப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்தார்கள். கோவைச் சிறுதொழில் பட்டறைகள் வாரத்தில் பாதி நாள் டீசலில் ஓடின. காற்று கைவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். காற்று எப்போதும் போலத்தான் போனது, போகும் என்று தெரிந்தும் மாற்று ஏற்பாடு செய்யாமல் இருந்தோம்.

அன்றைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. தென்னிந்திய மின்கட்டமைப்பு மற்ற இந்தியாவோடு ஒரே அதிர்வெண்ணில் இணையவில்லை. ஆடியில் மிஞ்சியதை வடக்கே தாராளமாக விற்கவும் வழியில்லை, ஐப்பசியில் குறைந்ததை வடக்கிலிருந்து தாராளமாக வாங்கவும் வழியில்லை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை அந்தப் பூட்டைத் திறந்தது. அதன் பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 1,765 கிலோமீட்டருக்கு, 6,000 மெகாவாட் சுமக்கும் நேர்மின் பாதை வந்தது. அதில் கரியின் மின்சாரம் தெற்கே வரலாம், காற்றின் மின்சாரம் வடக்கேயும் போகலாம். காற்றாலை பற்றிய எந்த விவாதத்திலும் இந்தக் கம்பிகளைப் பற்றிப் பேசாமல் விடுவது பெரிய தவறு. காத்தாடி வாங்கப் பணம் போடுவதில் பாதி அக்கறையாவது கம்பி இழுப்பதில் காட்டியிருந்தால் 2012 அவ்வளவு இருட்டாக இருந்திருக்காது.

இன்னும் ஒன்று. நல்ல காற்று வரும் இடங்களில் எல்லாம் இருபது, முப்பது வருடத்துக்கு முந்தைய 250 கிலோவாட் சிறு இயந்திரங்கள் நின்றுகொண்டிருக்கின்றன. இப்போதைய இயந்திரம் ஒன்று அவற்றில் பத்துக்குச் சமம். பழையதைக் கழற்றிப் புதியதை நிறுத்த 2024-ல் அரசு ஒரு கொள்கையும் வெளியிட்டது. ஆனால் பெரிய இயந்திரத்துக்கு அதிக இடைவெளி வேண்டும். பக்கத்து இயந்திரம் வேறொருவருடையது, அவருக்குப் பக்கத்து நிலம் மூன்றாவது ஆளுடையது. கழற்றிய இறக்கைகள் கண்ணாடியிழையால் ஆனவை. உருக்கவும் முடியாது, மக்கவும் மக்காது. அவற்றை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதற்கு நல்ல பதிலைச் சீக்கிரம் கண்டுபிடித்தாக வேண்டும்.

கமுதியும் கூடங்குளமும்

கமுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அங்கே கதை முழுக்க விலையைச் சுற்றியது. ராமநாதபுரத்து வறண்ட மண்ணில், சுமார் 2,500 ஏக்கரில், 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 செப்டம்பரில் தயாரானது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகிலேயே பெரியது. எட்டே மாதத்தில் கட்டினார்கள். ஒரு அனல்மின் நிலையத்துக்கு ஐந்தாறு வருடமாவது ஆகும். இவ்வளவு வேகமாக வேறு எந்த மின்நிலையமும் எழும்பாது என்பது வெயிலின் பெரிய பலம். ஆனால் 2015-ல் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு, 25 வருடத்துக்கு. 2017-ல் அதே தமிழ்நாடு ஏலம் விட்டபோது சூரிய மின்சாரம் 3 ரூபாய் 47 காசுக்கு வந்தது. இரண்டே வருடத்தில் பாதி. வெயில் இலவசம்தான், ஆனால் அதை எந்த வருடத்தில் ஒப்பந்தம் போட்டு வாங்குகிறோம் என்பது 25 வருடத்துக்கு நம் தலையில் நிற்கும். கரியில் எரிபொருள் விலை ஏறி இறங்கும். வெயிலில் மொத்தச் செலவும் முதல் நாளே, கடனாக.

ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர் என்ற கணக்கும் கவலை தருவது. வெளியிலிருந்து பார்த்தால் சீமைக்கருவேலம் மண்டிய தரிசு. ஆடு மேய்ப்பவருக்கு அது மேய்ச்சல் நிலம். காற்றாலைக்கு அடியில் வாழை வளரும், கண்ணாடித் தகட்டுக்கு அடியில் வளராது. என் விருப்பம் கூரைகள்: கிடங்கு, ஆலை, பள்ளி, ரயில் நிலையம். நிலம் எடுக்க வேண்டியதில்லை, கம்பியும் அதிகம் இழுக்க வேண்டியதில்லை.

கூடங்குளத்தின் இரண்டு 1,000 மெகாவாட் உலைகளும் யுரேனியத்தில் ஓடுகின்றன. யுரேனியமும் தோண்டி எடுப்பதுதான், தீர்ந்துபோவதுதான். ஆனால் புகை இல்லை, சாம்பல் இல்லை, காற்று இல்லாத இரவிலும் ஓடும். 1988-ல் ஒப்பந்தம், முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 கடைசி நாளில். இடிந்தகரையில் 2011, 2012-ல் மீனவ மக்கள் எழுப்பிய கேள்விகளில் விபத்து பற்றியது ஒன்று, தீர்ந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. அந்த மக்களை எதிரிகளைப் போல நடத்தியதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

மலைக்குள் ஒரு மின்கலம்

இனி சாயங்காலம் ஆறரை மணிக்கு வருவோம். மின்சாரத்துக்குப் பொறுப்பானவர்கள் ஒவ்வொரு நாளும் பயப்படும் மணி அது. பகல் முழுக்க ஆயிரக்கணக்கான மெகாவாட் கொடுத்த வெயில் ஐந்து மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பூஜ்ஜியத்துக்கு இறங்கும். அதே ஒன்றரை மணி நேரத்தில் வீடுகளில் விளக்கும் டிவியும் மிக்சியும் ஏறும். கட்டுப்பாட்டு அறையின் சுவரில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும்: 50.01, 49.98, 49.94. அது மின்கட்டமைப்பின் துடிப்பு, நொடிக்கு இத்தனை அலை. உற்பத்தி தேவையைவிடக் குறைந்தால் எண் இறங்கும், மிஞ்சினால் ஏறும். 49.90-க்குக் கீழே போக விடக் கூடாது. அந்த நேரத்தில் கொதிகலன்களை மெதுவாகத்தான் முடுக்க முடியும். உடனே கைகொடுப்பது தண்ணீர். வால்வைத் திறந்த சில நிமிடங்களில் நீர்மின் இயந்திரம் முழு வேகத்துக்கு வந்துவிடும்.

1932-ல் பைக்காராவில் தொடங்கியது நம் நீர்மின் வரலாறு. கோவை நூற்பாலைகள் பெருகியதே அந்தக் கரண்டால்தான். குந்தாவும் மேட்டூரும் பின்னால் சேர்ந்தன. சிக்கல் என்னவென்றால், நல்ல அணைக்கட்டு இடங்கள் தீர்ந்துவிட்டன. மழை பொய்த்தால் அணையும் பொய்க்கும், பாசனத்துக்குத் தேவையான தண்ணீரை விளக்குக்காகத் திறந்துவிடவும் முடியாது.

இங்கேதான் ஆனைமலையில் இருக்கும் கடம்பாறை வருகிறது. இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த இடம். மலையைக் குடைந்து பாறைக்குள் கட்டிய மின்நிலையம், 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, 1980-களின் கடைசியில் ஓடத் தொடங்கியது. மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு. மாலையில் தேவை ஏறும்போது மேலேயிருந்து தண்ணீரை இறக்கிக் கரண்டு எடுப்பார்கள். நடுராத்திரியில் தேவை இறங்கிக் கரண்டு மிஞ்சும்போது அதே இயந்திரங்களை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு, கீழே விழுந்த தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவார்கள். இந்த வகை நிலையங்களில் நாலு யூனிட் செலவழித்து ஏற்றினால் சுமார் மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். நஷ்டம்போலத் தெரியும். ஆனால் ஆள் தூங்கும் இரண்டு மணியின் நாலு யூனிட்டைக் கொடுத்து ஏழு மணியின் மூன்று யூனிட்டை வாங்குவது லாபமான பேரம். ஆலைக்காரர்களின் பேங்கிங் காகிதத்தில் இருந்தது. கடம்பாறையில் அது தண்ணீராகவே இருக்கிறது, கையை நனைத்துப் பார்க்கலாம்.

வழக்கமாக இதைக் காற்றின் குறை என்று எழுதுவார்கள்: நினைத்த நேரத்துக்கு வராது. என் கணக்கில் இதில் பாதிதான் காற்றின் குறை. மீதி, சேமிக்க நாம் செய்த முயற்சியின் குறை. 10,000 மெகாவாட் காற்றாலையும் அதற்கு ஈடாக வளர்ந்துவிட்ட சூரிய மின்சாரமும் உள்ள மாநிலத்தில் கடம்பாறை போன்ற நீரேற்று மின்நிலையம் நீண்ட காலம் ஓடியது 400 மெகாவாட் மட்டுமே. குந்தாவில் 500 மெகாவாட் பல வருடமாகக் கட்டப்பட்டுவருகிறது. லித்தியம் மின்கலங்கள் வேகமாக மலிவாகிவருகின்றன. மாலை நாலு மணி நேரத்தைத் தாண்ட அவை போதும், துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ஆனால் மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆடியின் மிச்சத்தை மாசிக்கு எடுத்துப்போகவும் அவற்றால் ஆகாது. மாதக் கணக்கில் சேமிப்பதற்கு இன்னும் கட்டுப்படியாகும் வழியில்லை. அதுவரை கொஞ்சம் கரியை வைத்திருக்கத்தான் வேண்டும், மனமில்லாமல்தான் இதை எழுதுகிறேன். ஆனால் வைத்திருப்பது வேறு, புதிதாகக் கட்டுவது வேறு. இருக்கும் நிலையங்களை மே மாதத்துக்கும் மாசிக்கும் என்று ஒதுக்கி, ஆடியில் முடிந்தவரை இறக்கி, எண்ணூர்க் குழாய்களை ஒழுகாமல் சரிசெய்தால், புதிய அனல்மின் நிலையத்துக்கு ஆகும் செலவில் இன்னும் இரண்டு கடம்பாறைகளைப் பற்றி யோசிக்கலாம்.

நெய்வேலி நிறுவனமே இப்போது தமிழ்நாட்டில் 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்நிலையங்களை வைத்திருக்கிறது. தென்காசிப் பக்கம் கழுநீர்குளத்தில் அதற்குச் சொந்தக் காத்தாடிகளும் உண்டு. கரி வெட்டிய கையே வெயிலையும் காற்றையும் தேடிப் போய்விட்டது. ஆனால் கழுநீர்குளத்தில் ஒரு நகரியம் எழவில்லை, எழப்போவதும் இல்லை, காத்தாடிக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. சுரங்கத்தில் இன்று ஒப்பந்த வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கு அடுத்த வேலை எங்கே என்பதை, முதல் பட்டை நிற்பதற்கு முன்பே, நெய்வேலியில் உட்கார்ந்து அந்தக் குடும்பங்களோடு பேச வேண்டும். வளையமாதேவியில் அந்தப் பேச்சு பயிருக்கு முன்னால் நடக்கவில்லை, நீதிமன்றத்தில்தான் நடந்தது.